கொல்கத்தாவைக் குறைந்த செலவில் சுற்றிப் பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்கத்தாவுக்கு நான்கு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை வேலை விஷயமாக. மற்ற மூன்று முறையும் ஊரைப் பார்க்க மட்டுமே. அங்கே கிளம்பும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். கட்டணங்கள் நான் கடைசியாகப் போனபோது இருந்தவை. ஐந்து பத்து ஏறியிருந்தால் பெரிய வித்தியாசம் வராது.

கையில் அதிகம் பணம் இல்லை. ஏன் கொல்கத்தாவுக்குப் போகச் சொல்கிறீர்கள்?

ஹவுரா, சியால்தா ரயில் நிலையங்களுக்குத் தினமும் லட்சக்கணக்கான பேர் லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் ஆற்றைக் கடக்கவேண்டும், மதியம் சோறு சாப்பிடவேண்டும், இரண்டு வேளை டீ குடிக்கவேண்டும். அதெல்லாம் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில்தான் இன்னும் இருக்கிறது. வெளியூர்க்காரர்களும் அதே படகில் ஏறி, அதே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம். தங்குமிடம் நீங்கலாக ஒரு நாளைக்கு 500 ரூபாய் வைத்துக்கொண்டால் நன்றாகவே சுற்றலாம். சிக்கனமாக இருக்கிறோம் என்ற எண்ணமே வராது.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

ரயில்தான். கிட்டத்தட்ட 1,660 கிலோமீட்டர், ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டிய பயணம். ஸ்லீப்பரில் சுமார் 700 ரூபாய் ஆகும். ஒன்றைக் கவனிக்கவேண்டும். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்கு வருவதில்லை, ஷாலிமார் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து நகரத்துக்குள் வர டாக்ஸி பிடிக்கவேண்டியிருக்கும். உடன் இறங்குபவர்களோடு பங்கு போட்டுக்கொண்டால் செலவு குறையும். ஹவுரா மெயிலில் இடம் கிடைத்தால் அதிலேயே போங்கள். ஹவுராவில் இறங்கினால் மெட்ரோ, படகு, பஸ் மூன்றும் நிலைய வாசலிலேயே இருக்கின்றன. நடுராத்திரியில் போய்ச் சேர்வதாக இருந்தால் அறை தேடி அலையவேண்டாம். காத்திருப்பு அறையில் விடியும்வரை இருங்கள். விடிந்ததும் எங்கே போவது என்று கீழே சொல்கிறேன்.

எங்கே தங்கினால் நல்லது?

மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இந்தியன் மியூசியத்தை ஒட்டி சடர் தெரு இருக்கிறது. பல காலமாகவே குறைந்த செலவில் ஊர் சுற்றுபவர்கள் தங்கும் தெரு அது. அறைகள் சின்னவை, சில பழசு. பணம் கொடுப்பதற்கு முன்னால் அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட் என்று இரண்டு மெட்ரோ நிலையங்களும் நடை தூரம். ரயில்வேயின் ஓய்வறைகளும் உண்டு, முன்பதிவு செய்தால் மலிவு.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தெற்கே லேக் மார்க்கெட் பக்கத்தைச் சொல்வேன். காளிகாட் மெட்ரோ அருகில். தென்னிந்தியர்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி அது. மல்லிகைச் சரம், வாழையிலை, இட்லி எல்லாம் கிடைக்கும். அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது அங்கேதான் தங்கினோம். காலையில் ஒரு தமிழ்க் குரலைக் கேட்டதும் அம்மாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது.

ஊருக்குள் எதில் போவது?

இது தெரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில் மெட்ரோ. இந்தியாவின் முதல் மெட்ரோ இதுதான், 1984-இல் ஓடத் தொடங்கியது. டிக்கெட் 5 ரூபாயிலிருந்து. வடக்கே தட்சிணேஸ்வரத்தில் தொடங்கித் தெற்கே போகும் நீலத் தடத்திலேயே நீங்கள் பார்க்க நினைக்கும் இடங்களில் முக்கால்வாசி வந்துவிடும். ஹவுராவிலிருந்து வரும் பச்சைத் தடம் ஆற்றுக்கு அடியில் போகிறது. 2024 மார்ச்சில் திறந்தார்கள். ஆற்றின் கீழ் 520 மீட்டர், முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். அந்த நேரத்தில் சுரங்கத்தில் நீல விளக்குகள் எரியும். குழந்தைகள் கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஜன்னலைவிட்டு நகரமாட்டார்கள்.

ஆனால் ஒரு முறையாவது ஆற்றுக்கு மேலே போகவேண்டும். ஹவுரா நிலையத்துக்கு எதிரே படித்துறை. பத்து ரூபாய் சுமாருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு அக்கரையில் இருக்கும் பாபுகாட்டுக்கோ ஃபேர்லிக்கோ போகும் படகில் ஏறுங்கள். ஆபீஸ் போகிறவர்கள் சைக்கிளோடு ஏறுவார்கள். படகு நடு ஆற்றுக்கு வந்ததும் திரும்பிப் பாருங்கள், ஹவுரா பாலம் முழுசாகத் தெரியும். 1943-இல் திறந்த பாலம். அத்தனை பெரிய இரும்புக் கூடும் நட்டு போல்ட் இல்லாமல் ரிவிட் அடித்தே கோத்தது. பெரிய பணம் கொடுத்து ஏறும் எந்தச் சொகுசுப் படகிலிருந்தும் இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

அடுத்தது ஆட்டோ. நம் ஊர்ப் பழக்கத்தில் போகிறவர்கள் இதில்தான் குழம்புவார்கள். கொல்கத்தாவில் ஆட்டோ என்றாலே ஷேர் ஆட்டோதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடம் உண்டு, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடம்வரை அதிலேயே போய் வரும். பின்னால் மூன்று பேர், ஓட்டுநர் பக்கத்தில் ஒருவர். தலைக்கு இவ்வளவு என்று கட்டணமும் நிலையானது. பேரம் கிடையாது. விக்டோரியா மெமோரியலுக்கு வருவீர்களா என்று நான் முதல் நாள் ஒருவரிடம் கேட்டேன். அவர் பொறுமையாக இறங்கி வந்து, எதிர்ப்புறம் எந்த பஸ் நிற்கும் என்று கைகாட்டிவிட்டுப் போனார். சில்லறை மட்டும் கட்டாயம். அங்கே அதைக் குச்ரோ என்கிறார்கள். காலையில் கிளம்பும்போதே பத்து ரூபாய்த் தாள்களும் காசுகளும் பையில் இருக்கட்டும்.

பஸ்ஸில் பத்துப் பதினைந்து ரூபாயில் எங்கேயும் போகலாம். நடத்துநர் வாசலில் தொங்கிக்கொண்டு, பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டித் தட்டி ஊர்ப்பெயரைக் கூவுவார். பெண்கள் இறங்கும்போது “ஆஸ்தே, லேடீஸ்!” என்று ஓட்டுநருக்குக் குரல் கொடுப்பார். மெதுவாக நிறுத்து, பெண்கள் இறங்குகிறார்கள் என்று அர்த்தம்.

டிராம் இந்தியாவிலேயே இங்கே மட்டும்தான் மிச்சம். 1873-இல் குதிரை இழுக்கத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. ஒரு காலத்தில் ஊர் முழுவதும் ஓடிய டிராம் இன்று ஓரிரு தடங்களாகக் குறுகிவிட்டது. அதையும் நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு ஓயவில்லை. எஸ்பிளனேட் டிப்போவில் இன்றைக்கு எந்த வண்டி கிளம்புகிறது என்று கேளுங்கள். ஷியாம்பஜார் வண்டி என்றால் கேள்வியே கேட்காமல் ஏறிவிடுங்கள், காலேஜ் தெரு வழியாகப் போகும். நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். எதிலும் அவசரப்படாமல் தெருவைப் பார்த்துக்கொண்டே போக அதுபோல இன்னொரு வண்டி இல்லை. அடுத்த முறை போகும்போது அது இருக்கவேண்டும் என்று மனசார விரும்புகிறேன்.

டாக்ஸி வேண்டுமானால், மாநில அரசு தொடங்கிய யாத்ரி சாத்தி என்ற செயலி இருக்கிறது. மஞ்சள் டாக்ஸி அதிலேயே வரும், கட்டணமும் முதலிலேயே தெரிந்துவிடும்.

கை ரிக்‌ஷாவில் ஏறலாமா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. மனிதர் மனிதரை இழுப்பதா என்று நான் முதல் இரண்டு முறையும் ஏறவில்லை. மூன்றாவது முறை ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பீகாரில் வீடு, இங்கே இதுதான் பிழைப்பு. “எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள், ஏறமாட்டேன் என்கிறார்கள்” என்றார். அன்று ஏறினேன். பேரம் பேசாமல் ஏறுங்கள், அல்லது ஏறாமல் போங்கள். போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன ஆகும்? எங்கே சாப்பிடுவது?

மதியச் சாப்பாட்டுக்குப் பைஸ் ஹோட்டல்களைத் தேடுங்கள். பைசாவுக்குச் சோறு போட்ட காலத்தில் வந்த பெயர் அது. காலேஜ் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சுவாதின் பாரத் ஹிந்து ஹோட்டல் அவற்றில் ஒன்று. நேதாஜி மாணவராக இருந்தபோது இங்கே சாப்பிட்டார் என்று சொல்வார்கள். வாழையிலை போட்டுத்தான் பரிமாறுவார்கள், ஆனால் கணக்கு நம் ஊர் மாதிரி இல்லை. சோறு தனி, பருப்பு தனி, பொரியல் தனி, மீன் தனி. எலுமிச்சைத் துண்டுக்கும் இலைக்கும்கூடத் தனியே காசு உண்டு. முதல் முறை இலைக்குக் காசா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகவே பட்டது. வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், ஒன்றும் வீணாகாது. மீன் குழம்போடு வயிறு நிறையச் சாப்பிட 100 முதல் 150 ரூபாய்.

காலைக்குக் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும். சாயங்காலம் ஜால்முடி என்ற காரப்பொரி, புச்கா, முட்டை ரோல். புச்கா நம் பானிபூரியின் உறவுதான், ஆனால் உருளைக்கிழங்கோடு புளித்தண்ணீர் சேர்ந்து நல்ல காரமாக இருக்கும். பிரியாணியில் முழு உருளைக்கிழங்கு கிடக்கும், பயந்துவிடாதீர்கள். அவத் நாட்டை ஆங்கிலேயரிடம் இழந்து 1856-இல் இங்கே வந்து சேர்ந்த நவாப் வாஜித் அலி ஷாவோடு வந்தது கொல்கத்தாப் பிரியாணி. அந்த உருளைக்கிழங்குக்காகவே அதை விரும்புகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான்.

டீ மண்குவளையில் வரும். கையளவுகூட இருக்காது. குடிக்கும்போது ஈரமண் வாசனை டீயோடு கலந்து வரும். கடைசி மிடறில் கொஞ்சம் மண்துகள் நாக்கில் தட்டும். குடித்து முடித்ததும் கடையோரக் கூடையில் போட்டு உடைத்துவிடுவார்கள். ஒரு நாளில் நான்கைந்து குவளை சாதாரணமாகக் குடித்துவிடுவேன்.

ரசகுல்லா, சந்தேஷ் எல்லாம் சின்னக் கடைகளிலேயே நன்றாக இருக்கும். குளிர்காலத்தில் போனால் நோலேன் குட் போட்ட இனிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லம் அது. பனங்கருப்பட்டி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை சட்டென்று பிடித்துப்போகும்.

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும். “நிராமிஷ்” என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். கடுகெண்ணெய் வாசனைக்கு இரண்டு நாளில் பழகிவிடும். பழகாவிட்டால் லேக் மார்க்கெட்டுக்கு வந்து தோசை சாப்பிடலாம், படாபஜார் பக்கம் மார்வாடிச் சாப்பாடும் கிடைக்கும்.

காசே கொடுக்காமல் என்ன பார்க்கலாம்?

விடியற்காலையில் ஹவுரா நிலையத்தில் இறங்கினால் எங்கே போவது என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? நேரே பாலத்தில் நடந்து அக்கரைக்குப் போங்கள். முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. பாலம் முடியும் இடத்தில் வலப்புறம் படியிறங்கினால் மல்லிக்காட் பூச்சந்தை.

கோயம்பேட்டிலும் தோவாளையிலும் பூச்சந்தை பார்த்தவன் நான். இது வேறு மாதிரி. ஆள் உயரத்துக்கும் மேலே நீளமான செண்டுமல்லிச் சரங்களைக் கட்டுக்கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாக இரண்டு பக்கமும் தொங்கும், நடுவில் ஒரு முகம் மட்டும் தெரியும். தரையெல்லாம் சேறும் மிதிபட்ட இதழ்களும். மூட்டை தூக்குபவர் குரல் கொடுத்தால் உடனே ஒதுங்கிவிடவேண்டும், அவரால் நிற்க முடியாது. செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். சந்தையைத் தாண்டிப் படித்துறைக்கு வந்தால் ஆற்றில் குளிக்கிறவர்கள், தலைக்கு மேலே பாலம். அந்தப் படியில் ஒரு மண்குவளை டீயோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு பயணங்களிலும் என் மனசில் அதிகம் நிற்பது அந்த அரை மணிதான்.

இன்னொன்று குமார்டுலி. ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி ஆற்றை நோக்கி நடந்தால் வந்துவிடும். துர்க்கை சிலைகள் செய்யும் குயவர் குடியிருப்பு. மூங்கிலில் சட்டம், அதன்மேல் வைக்கோலைச் சுற்றி உடம்பு, அதற்குமேல் ஆற்று மண். பூஜைக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் போனால் சந்தின் இருபுறமும் தலையில்லாத வைக்கோல் உருவங்கள் வரிசையாக நிற்கும். ஒரு பட்டறையில் ஒருவர் தேவியின் விரல்களை மட்டும் செய்துகொண்டிருந்தார். களிமண்ணைத் திரி மாதிரி உருட்டி, நகத்தால் ஒரு கீறல் போட்டு மூட்டு, நுனியைத் தட்டி நகம். வெயிலில் ஒரு பலகை நிறைய விரல்கள் காய்ந்துகொண்டிருந்தன. வழியை மறைக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் பாக்பஜார். பாரதி குருவாகக் கொண்டு தன் நூல்களைக் காணிக்கையாக்கிய நிவேதிதா தேவி வாழ்ந்த வீடு அங்கே போஸ்பாரா சந்தில் நினைவகமாக இருக்கிறது.

காலேஜ் தெருவின் பழைய புத்தகக் கடைகள், நகர நடுவே மைதான் என்ற பெரிய புல்வெளி, பிரின்செப் காட் கரையில் சாயங்காலக் காற்று, இவற்றுக்கும் காசு இல்லை. காலேஜ் தெருவில் காபி ஹவுஸுக்கு மாடியேறுங்கள். நம் ஊர் ஃபில்டர் காபியை எதிர்பார்க்கவேண்டாம். தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்களையும், ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் வாதாடும் மனிதர்களையும் பார்க்கத்தான் போகவேண்டும்.

டிக்கெட் வாங்கிப் பார்க்கவேண்டியவை?

எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று இந்தியன் மியூசியம். 1814-இல் தொடங்கியது. பார்ஹுத் என்ற பழைய பௌத்த ஸ்தூபியின் செம்மணற்கல் வேலி மட்டும் பார்த்தாலே கொடுத்த காசு தகும். இன்னொன்று சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம், சின்னக் கட்டணம். 1767-இல் திறந்தது. மரநிழலில் கூர்நுனிக் கோபுரங்கள் மாதிரி சமாதிகள். தென்னாட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஆயிரக்கணக்கில் தேடிச் சேர்த்த காலின் மெக்கன்சி 1821-இல் இறந்து இங்கேதான் அடக்கமானார். அவர் சேர்த்தவற்றில் ஒரு பெரும் பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. தமிழ்ச் சுவடிகளில் ஈடுபாடு உள்ளவர்கள் ஒரு பூவாவது வைத்துவிட்டு வரலாம்.

விக்டோரியா மெமோரியலுக்குத் தோட்டச் சீட்டு தனியாகக் கிடைக்கும், அது போதும். வெளியிலிருந்து பார்ப்பதே அழகு. திங்கட்கிழமை மியூசியங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்றைக்குக் கோயில், ஆறு, தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்சிணேஸ்வரமும் பேலூர் மடமும் ஒரே நாளில் முடியுமா?

அரை நாளில் முடியும். காலையில் மெட்ரோவில் கடைசி நிலையமான தட்சிணேஸ்வரத்தில் இறங்குங்கள். ராணி ராஷ்மோனி 1855-இல் கட்டிய காளி கோயில். பரமஹம்சர் இருந்த அறையில் கொஞ்ச நேரம் உட்காரலாம். அங்கே படித்துறையிலிருந்தே, ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூருக்குப் படகு போகிறது. இரண்டு இடமும் மதியம் மூடிவிடும் என்பதால் சீக்கிரம் கிளம்பவேண்டும்.

வங்காளம் தெரியாதே?

ஆண்களை “தாதா”, பெண்களை “தீதி” என்று கூப்பிடுங்கள். அண்ணா, அக்கா மாதிரிதான். விலை கேட்க “கொத்தோ?”, வண்டி போகுமா என்று கேட்க “ஜாபே?”. மற்றதற்கு அரைகுறை இந்தியும் கையசைவும் போதும். வழி கேட்டால் பாதி தூரம் கூடவே வந்து காட்டிவிட்டுப் போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

யாராவது ஏமாற்றுவார்களா?

ஒரு கோயில் வாசலில் ஒருவர் அன்பாகப் பேசி, வரிசையில்லாமல் உள்ளே கூட்டிப்போய், கையில் பூவைக் கொடுத்துவிட்டு 500 ரூபாய் கேட்டார். கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கோயில்களில் யார் கூப்பிட்டாலும் போகாமல் பொது வரிசையில் நில்லுங்கள். நிலைய வாசலில் அறை காட்டுகிறேன் என்று வருபவர்களுக்கும் பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். மற்றபடி எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை.

எந்த மாதம் போகலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை. மழைக்காலத்தில் தெருக்களில் தண்ணீர் நிற்கும். துர்கா பூஜையின்போது அறை வாடகை ஏறிவிடும், ஆனால் பார்ப்பதற்குக் கட்டணமே இல்லை. ஊரே விடியவிடியப் பந்தல் பந்தலாக நடக்கும். அந்த ஐந்து நாளுக்கு மட்டும் அறையை மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

ஒரு நாள் மிச்சமிருக்கிறது. வெளியே எங்கே போகலாம்?

ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறிச் சந்தன்நகர் போங்கள். ஒரு மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய் சுமார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். ஆற்றங்கரைச் சாலையும் பெஞ்சுகளும் புதுச்சேரிக் கடற்கரையை நினைவுபடுத்தும்.

அதே தடத்தில் வழியிலேயே ஸ்ரீராம்பூர் வருகிறது. அதை விட்டுவிடாதீர்கள். தரங்கம்பாடி மாதிரியே அதுவும் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். 1845-இல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஆற்றங்கரையில் டேனிஷ்காரர்கள் கட்டிய புனித ஓலாவ் தேவாலயத்தைப் பழுதுபார்த்து நன்றாக வைத்திருக்கிறார்கள். அதன் முகப்பில் டேனிஷ் அரசரின் எழுத்து முத்திரை இன்னும் தெரியும். தரங்கம்பாடிக்குப் போயிருக்கிறவர்கள் தேவாலயத்துக்குள் நுழையும்போதே அண்ணாந்து பார்த்துவிடுங்கள். பக்கத்தில் கரைக்கு இறங்கினால் எதிர்க்கரை பாரக்பூருக்குப் படகு நிற்கும். அங்கிருந்து சியால்தாவுக்கு லோக்கல் ரயில் உண்டு, போன வழியே திரும்பவேண்டியதில்லை.